புதினா பாயின் மூக்கு

திண்டுக்கல் மாவட்டத்து மூக்குகளை எல்லாம் அள்ளி ஒரு தராசுத் தட்டில் வைத்து, எதிர்த்தட்டில் புதினா பாயின் மூக்கை மட்டும் வைத்தால், பாயின் தட்டுதான் தரையைத் தொடும். இதை நான் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், டவுன் பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு கூடச் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

பாய்க்கு என்று ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊரில் புதினா பாய் என்றால்தான் வீடு காட்டுவார்கள். கல்யாணம் காதுகுத்துகளுக்கு அண்டா வைத்துப் பிரியாணி போடுகிற மாஸ்டர். ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். சட்டைக்குள் ஹேங்கர் மட்டும் இருப்பது போல இருப்பார். தான் சமைத்ததில் ஒரு வாய் வைக்க மாட்டார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, வீட்டிலிருந்து கொண்டு வந்த மோர்ச்சோற்றைத் திறப்பார்.

அவருடைய மூக்குக்கு அந்தக் காலத்திலேயே கதைகள் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் புதினா மாறி வந்துவிட்டது என்று அடுப்பைப் பற்ற வைக்காமல் அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாராம். மணி பதினொன்று. பெண் வீட்டுப் பெரியவர் ஓடி வந்து, புதினாவில் என்ன பாய் இருக்கிறது, எல்லாம் இலைதானே என்று கெஞ்சியிருக்கிறார். பாய் நிதானமாகக் கேட்டாராம்: "பொண்ணு மாறி வந்துட்டா, எல்லாம் பொண்ணுதானேன்னு மாப்பிள்ளை வீட்டுல சும்மா இருப்பாங்களா?" ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு பேச்சியம்மா தோட்டத்துக்குப் பறந்தார்.

பேச்சியம்மா தோட்டம், திண்டுக்கல்லில் இருந்து செம்பட்டி போகிற வழியில் உள்ளே பிரிந்து போனால் வரும். ஒரே ஒரு ஏக்கர். முழுக்கப் புதினா. வீட்டுக்காரர் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஒருநாள் தலைகாட்டுவார். தோட்டம், தண்ணீர், வியாபாரம், சண்டை எல்லாமே அந்த அம்மா பொறுப்பு. நாற்பது வயது இருக்கும். புதினாவை அறுத்து, மண் உதறி, வாழைநாரில் கட்டுப் போட்டு ஈரச் சாக்கில் அடுக்கி வைக்கிற அழகைப் பார்த்தால், கசக்கிச் சமைக்கவே மனசு வராது. பாய் அந்தத் தோட்டத்துப் புதினாவைத் தவிர வேறொன்றைத் தொட மாட்டார். அந்தப் புதினாவுக்கு மட்டும் கடைசியில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது, அது அந்தக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்கிற குளிர்ச்சி என்பார். 

இதெல்லாம் கேள்விப்பட்டது. நான் பாயை நேரில் பார்த்தது வீட்டுமனைக் கம்பெனியில் வேன் ஓட்டப் போன பிறகுதான்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஒன்பதாவதில் கணக்கு ரொம்பக் கஷ்டம் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கவலையில் லீவு முடிந்தும் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்போதிருந்து இப்படித்தான். வண்டி ஓட்டும்போது டயர் காற்று, பிரேக், பின்னால் வருகிறவன் என்று ஒவ்வொன்றாகக் கவலைப்பட்டு முடித்தால், கடைசியாக எங்கோ வயர் கருகுகிற மாதிரி இருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டுவேன். சளிப்பிடித்தவன் என்று நினைத்து முன்சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

பேச்சியம்மா தோட்டத்தைச் சுற்றி இருந்த பன்னிரண்டு ஏக்கரைக் கம்பெனி வாங்கியிருந்தது. ஒரு பூவின் பெயரில் நகர் என்று வளைவு வைத்தார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை வரிசையாக நட்டு, கலர்க் கொடிகள் கட்டினார்கள். மேற்கே மலை மங்கலாகத் தெரியும் என்பதால் 'கொடைக்கானல் பார்த்த வாசல்' என்று நோட்டீஸ். 'பத்தே நிமிடத்தில் பேருந்து நிலையம்' என்றும் போட்டிருந்தார்கள். நான் ஓட்டினால் முப்பத்தைந்து நிமிடம். நோட்டீஸைப் பொய்யாக்குகிறாய் என்று மேனேஜர் என்னிடம் கோபித்துக்கொள்வார்.

பேச்சியம்மாவுக்கு வந்த ஆபத்து அந்தக் கிணற்றில் இருந்தது. அது கூட்டுக் கிணறு, நாலு பங்கு. மூன்று பங்கு நிலத்தோடு சேர்ந்து கம்பெனிக்குப் போய்விட்டது. கம்பெனி வரைபடத்தில் கிணறு இருந்த இடத்தில் ஒரு ஊஞ்சலும் சறுக்குமரமும் வரைந்து, 'சிறுவர் பூங்கா' என்று எழுதியிருந்தார்கள். மனை அங்கீகாரம் வந்ததும் கிணற்றை மூடுவார்கள். மூடினால் ஒரு வாரத்தில் புதினா காய்ந்துவிடும். காய்ந்த பிறகு அந்த ஒரு ஏக்கரையும் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அந்த அம்மா ஆபீஸுக்கு வந்து என் பங்குத் தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்டபோது, மேனேஜர் மரியாதையாக உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்.

அங்கீகாரம் வருவதற்கு ஒரே ஒரு காகிதம் பாக்கி. நிலம் சில வருடங்களாக வெள்ளாமை இல்லாமல் தரிசாகக் கிடக்கிறது என்று விவசாய ஆபீஸில் இருந்து வந்து பார்த்து எழுதித் தரவேண்டும். அதற்காகத்தான் வாங்கியதில் இருந்து ஒரு கீரை விதை கூட அங்கே விழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இலவசமாக மனை பார்க்க அழைத்துப் போவோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேன் நிற்கும். பார்க்க வருகிறவர்களுக்கு மத்தியானம் பிரியாணி. அதற்கு மேனேஜர் பிடித்த ஆள் புதினா பாய். மேனேஜர் பழனிப் பக்கத்துக்காரர், இந்த ஊர்க் கதை எதுவும் தெரியாது. திண்டுக்கல்லில் நல்ல மாஸ்டர் யார் என்று கேட்டிருக்கிறார், நாலு பேரும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் கம்பெனி செய்த முதல் தப்பு.

விஷயம் தெரிந்ததும் பேச்சியம்மா வேலி ஓரம் வந்து நின்று கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"என்னண்ணே, என் கெணத்த மூட வந்தவனுக்கு நீங்களே ஆக்கிப் போடப் போறீகளா?"

"ஆமாத்தா," என்றார் பாய். "உன் தோட்டத்துப் புதினாவுல."

அந்த அம்மா செத்த நேரம் அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு உள்ளே போய்ப் பத்துக் கட்டு எடுத்து வந்து வேலிக்கு மேலே நீட்டியது.

முதல் ஞாயிறே கூட்டம் தாங்கவில்லை. இரண்டாவது ஞாயிறு வேன் இரண்டு நடை போயிற்று. மூன்றாவது ஞாயிறு தூக்குவாளியோடு வந்தார்கள். ஓய்வு பெற்ற ஒரு தலைமைக் குமாஸ்தா பதினோரு வாரம் தொடர்ந்து வந்தார். எந்த மனை சார் பிடித்திருக்கிறது என்று கேட்டால், சாப்பிட்டுவிட்டு முடிவு பண்ணலாம் என்பார். சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் வீட்டில் கலந்து பேசிக்கொண்டு வருகிறேன் என்பார். வீட்டையே கூட்டிக்கொண்டு வருவார்.

அதைக் கூட மேனேஜர் பொறுத்துக்கொண்டிருப்பார். கை கழுவுகிற இடத்தில்தான் வினை. இந்த ருசிக்கு என்ன பாய் போடுகிறீர்கள் என்று கேட்காமல் யாரும் கை கழுவியதில்லை. கேட்டதும் பாய் கரண்டியை வைத்துவிட்டு, ஈரக் கையோடு அவரைப் பிடித்து வேலி ஓரம் கூட்டிப் போவார்.

"இந்தா, இதான் போடுறேன். இந்தக் கெணத்துத் தண்ணியில வளந்தது. உங்க புள்ளைகளுக்குப் பார்க்கு கட்டப் போறது இந்தக் கெணத்து மேலதான். நல்லா வீடு கட்டிப் பால் காய்ச்சுங்க. பிரியாணி மட்டும் வேற எங்கயாச்சும் பாத்துக்கங்க."

குரலில் கோபம் எதுவும் இருக்காது. கடை மாறிவிட்டது என்று முகவரி சொல்கிற மாதிரி சொல்வார். கேட்டவர் பந்தலுக்குத் திரும்பி வந்து, அட்வான்ஸ் கொடுக்க எடுத்த கையை மறுபடி பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்.

மேனேஜர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏனுங்க பாய், உங்களச் சமைக்கத்தானுங்க கூப்பிட்டோம். பேசறதுக்கு வேற ஆளு வெச்சிருக்கறமுங்க."

"கேட்டாங்க தம்பி, சொன்னேன். பொய் சொல்லிட்டுத் தம் போட்டா சோறு வேகாது."

அவரை மாற்றலாம் என்றால், பிரியாணி மாறினால் கூட்டம் வராது. மேனேஜர் வேறொரு வழி யோசித்தார். இந்தப் புதினாப் பேச்சே வெறும் வாய்ச்சவடால் என்று எல்லார் முன்னாலும் காட்டிவிட்டால் பாய் அடங்கிவிடுவார். மார்க்கெட்டில் இரண்டு கட்டுப் புதினா வாங்கி வரச் சொன்னார். அதோடு பேச்சியம்மா கட்டு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பந்தலில் எல்லார் முன்னிலையிலும் பாயின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். மூன்றில் எது உங்கள் புதினா, மூக்கால் சொல்லுங்கள்.

பாய் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கட்டாக வாங்கினார். கட்டின இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார், மூக்குக்குக் கிட்டே கொண்டு போனார், கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்ததும், "பேச்சியம்மா" என்றார். அது பேச்சியம்மாதான். மாற்றி மாற்றி மூன்று தடவை வைத்தார்கள். மூன்று தடவையும் பேச்சியம்மா. கூட்டம் கை தட்டியது. மேனேஜரும் கொஞ்சம் தட்டிவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டார். 

அன்றிலிருந்து நான் பாய்க்கு அடிமை. ஞாயிறு காலை அண்டா சாமான்களை ஏற்றி அவரையும் முன்சீட்டில் வைத்துக் கூட்டிப் போவேன். நான் மூக்கை உறிஞ்சுவதைக் கண்டு பயப்படாமல் முன்சீட்டில் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். தம் போட்ட பிறகு அண்டா மூடியில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே தண்ணீர் வற்றிவிட்டதா என்பது சத்தத்திலேயே தெரியுமாம். பெரிய வித்துவான்கள் இப்படித்தான் ஏதாவது ஸ்டைல் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பரீட்சை வைப்பார்.

"ஏலே டைவரு, வா. வாடை என்ன சொல்லுது?"

ஒன்பதாம் வகுப்புக்கே பயந்தவன். மூடியை லேசாகத் தூக்குவார். நான் உறிஞ்சிப் பார்த்து, பட்டை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது பாய் என்றோ, அடியில் பிடிக்கப் போகிற மாதிரி ஒரு வாடை வருகிறது என்றோ சொல்வேன். பாய் நெருப்பை இழுத்துவிடுவார். பிறகு, "ம், பாஸு" என்பார். என் வாழ்நாளில் வாராவாரம் பாஸ் ஆன ஒரே பரீட்சை அது.

இனிமேல் வருவதுதான் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

புதினாவில் இலையை ஆய்ந்த பிறகு தண்டு மிஞ்சும். எல்லா மாஸ்டரும் அதைக் குப்பையில் போடுவார்கள். பாய் போட விடமாட்டார். தண்டில் உயிர் இருக்கிறது என்பார். முதல் வாரம் என்னிடம் ஒரு கூடைத் தண்டைக் கொடுத்து, சும்மாதானே நிற்கிறாய், அந்த மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் சொருகிவிட்டு வா என்றார். பந்தலுக்குப் பின்னால் அரிசி களைந்த தண்ணீரும் அண்டா கழுவின தண்ணீரும் ஓடி, அந்தப் பக்கம் மனைகள் எப்போதும் சொதசொதவென்றுதான் கிடக்கும். சொருகினேன். வாராவாரம் சொருகினேன். தண்டு செத்துப்போனால் பாய் திட்டுவாரோ என்று கவலை. அதனால் வாரநாளில் வேன் கழுவுகிற சாக்கில் கம்பெனி போர்வெல்லைப் போட்டுக் குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன். இரண்டு மாதத்தில் இருபது மனைகள் புதினாவாகிவிட்டன.

அது நல்ல வெயில்காலம். மற்ற மனைகள் தோசைக்கல் மாதிரிக் காய்ந்து கிடந்தன. ஒரு ஞாயிறு வேனில் இருந்து இறங்கிய அம்மா ஒருவர், ஆகா, என்ன குளுமையான வாசம் என்று நின்றுவிட்டார். அவர் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே புதினாவுக்கு நடுவில் இருந்த மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி முழுக்க மேனேஜருக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் பாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாய், ரோட்டுப் பக்கம் இருக்கற நாலு ஏக்கரும் இதே மாதிரி பண்ணிப்போடலாமுங்க. கஸ்டமர் எறங்கறப்பவே பச்சப்பசேல்னு இருக்கோணும். ஆளு கூலி, தண்ணி எல்லாம் கம்பெனி பாத்துக்குமுங்க."

பாய் அண்டாவில் காது வைக்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, தண்டு நிறைய வேண்டுமே, பேச்சியம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பேச்சியம்மா ஒரு வண்டித் தண்டு கொடுத்தது. நாலு பெண்களைக் கூட்டி வந்து, மூன்று நாளில் பாத்தி கட்டி நாலு ஏக்கரிலும் நட்டு முடித்தது. தண்ணீர் பாய்ச்சுகிற வேலை, ஏற்கெனவே அனுபவம் உள்ளவன் என்று என் தலையில் விழுந்தது. மஞ்சள் கற்கள் புதினாவுக்குள் மறைந்து போயின. மனை எண் தெரியவில்லை என்று கற்களுக்கு மேலே குச்சி கட்டி நம்பர் மாட்டினோம். தழைத்து மதமதவென்று போகும்போது பேச்சியம்மாவே வந்து அறுத்து எடுத்துக்கொள்ளும். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று மேனேஜர் சந்தோஷப்பட்டார்.

தரிசு என்று எழுதிக்கொடுத்த மனு ஆபீஸில் ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதை எல்லாரும் மறந்துவிட்டோம். பாய் மறந்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை ஜீப் வந்தது. விவசாய ஆபீஸர் ஒரு அம்மா. தலையில் தொப்பி, கையில் அட்டை. வருகிறார்கள் என்று காலையில்தான் போன் வந்திருந்தது. மேனேஜர் அவசரமாகப் பாயை வரவழைத்து ஒரு சின்ன அண்டாவும் போடச் சொல்லியிருந்தார். ஆபீஸர் அம்மா, நான் டிபன் கொண்டு வந்திருக்கிறேன் என்று பந்தல் பக்கமே திரும்பவில்லை. நேராக நிலத்தில் இறங்கினார். அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, அட்டையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடி பச்சையைப் பார்த்தார்.

மேனேஜர் என் பக்கத்தில் வந்து, கேட்டால் தானாக முளைத்த களை என்று சொல்லு என்று காதோடு சொல்லிவிட்டு முன்னால் போனார். அவரே அதைச் சொல்லவும் செய்தார். ஆபீஸர் அம்மா குனிந்து ஒரு தளிரைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். வாய்க்கால் மடையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். வாத்தியார் கேள்வி கேட்கப் போகிற பார்வை அது.

"நல்லா இருக்கே. எத்தனை அறுப்பு ஆச்சு?"

"ரெண்டு அறுப்பு முடிஞ்சிருச்சுங்கம்மா. மூணாவது அடுத்த வாரம்."

"தண்ணி?"

"ஒருநா விட்டு ஒருநாங்கம்மா. போர் தண்ணிதான். நான்தான் பாச்சுறேன்."

"உரம்?"

"உரமெல்லாம் இல்லங்கம்மா. பாய் அண்டா கழுவுற தண்ணி."

கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். நட்டது எப்போது, ஆள் எத்தனை, எந்த மனையில் கொஞ்சம் பழுப்பு தட்டியிருக்கிறது, அதற்காக நான் எவ்வளவு கவலைப்படுகிறேன் என்பது வரைக்கும். பயந்தால் எனக்கு உண்மை அடக்க முடியாமல் வந்துவிடும். மேனேஜர் அந்தப் பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடைக்கானல் பார்த்த வாசல்.

ஆபீஸர் அம்மா நின்றபடியே எழுதினார். தரிசு என்று போட்டிருக்கிறீர்களே, நாலு ஏக்கர் நிற்கிற வெள்ளாமையை நான் எப்படித் தரிசு என்று எழுத முடியும் என்று கேட்டார். கிணற்றையும் எட்டிப் பார்த்து, பாசனக் கிணறு, தண்ணீர் இருக்கிறது என்று அதையும் எழுதிக்கொண்டார். போகும்போது பேச்சியம்மாவிடம் ஒரு கட்டுப் புதினா கேட்டு வாங்கி, கையில் இருந்த சில்லறையைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பாய் அந்தச் சின்ன அண்டாவைத் திறந்து, சாப்பிட வாங்க தம்பி என்று மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். பாவம், பசி. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்.

மனு திரும்பி வந்தது. அட்வான்ஸ் கொடுத்தவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி வேறு பக்கம் வேறொரு பூவின் பெயரோடு போய்விட்டது. விற்கவும் முடியாத நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதற்குப் பதிலாகப் பேச்சியம்மாவிடமே வாரத்துக்கு விட்டிருக்கிறார்கள், விளைச்சலில் பங்கு. மஞ்சள் கற்களில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். நாளைக்கே நிறுத்திவிட்டு, தரிசாகப் போட்டு, சில வருடம் கழித்து மறுபடி மனுக் கொடுக்கலாம் என்று எனக்கு ஒரு கவலை உண்டு. பேச்சியம்மாவிடம் சொன்னேன். அதுக்குத்தான் உன்னைத் தண்ணி பாய்ச்ச வச்சிருக்கு என்றது.

ஆமாம், எனக்கு அங்கேதான் வேலை. ஜீப் வந்த அன்று சாயந்திரமே கம்பெனி என்னை நிறுத்திவிட்டது. இப்போது பேச்சியம்மா தோட்டத்துப் புதினாவைச் சின்ன லோடு வண்டியில் டவுனுக்குக் கொண்டு வந்து கடை கடையாகப் போடுகிறேன்.

அந்த வண்டியில் ஒருநாள் பாய் முன்சீட்டில் வந்தார். வழக்கம்போல நான் உறிஞ்சிக்கொண்டே வந்தேன். செம்பட்டி ரோடு ஏறியதும் நிஜமாகவே வயர் கருகியது. சாதாரணக் கருகல் இல்லை, தொண்டையைப் பிடிக்கிற ரப்பர் நாற்றம். டேஷ்போர்டுக்கு அடியில், பாயின் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில். நான் பதறி ஓரம் கட்டினேன். பாய் நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டு, "என்னப்பா, எதுக்கு நிறுத்துற?" என்றார்.

"பாய், கருகுற வாடை வரலையா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் மூக்கை உறிஞ்சினார். "வருது வருது," என்றார்.

வயரைப் பிடுங்கிவிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அவராகவே சொன்னார். கொரோனாக் காய்ச்சலில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது போன வாசனை, வீட்டுக்கு வந்த பிறகும் திரும்பி வரவே இல்லை. மனிதர்கள் தெருவுக்குள் வரவே பயந்த நேரம். பேச்சியம்மா மட்டும் டவுனுக்குச் சரக்குப் போட வருகிறபோதெல்லாம் கேட்டில் ஒரு கட்டுப் புதினாவை மாட்டிவிட்டு, மோந்துகிட்டே இருங்கண்ணே, மூக்கு தானா வந்துரும் என்று கத்திச் சொல்லிவிட்டுப் போகுமாம். 

"ஒரு வாரம் ஆச்சு, பத்து நாளாச்சு. மழையில நனைஞ்சுகிட்டு வந்து நிக்கிது அந்தப் புள்ள. வந்துருச்சாண்ணேன்னு கேக்குது. வந்துருச்சுத்தா, உன் புதினாவுலதான் வந்துச்சுன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்பறம் மாத்த முடியுமா?"

"அப்ப கண்ணக் கட்டி வச்சப்ப?"

"மார்க்கெட்டுக் கட்டு சணலு. பேச்சியம்மா கட்டுறது வாழநாரு," என்று கட்டைவிரலைக் காட்டினார். "வெளிய சொல்லிராத. மூக்கில்லாத மாஸ்டருக்கு எவன் அண்டா குடுப்பான்?"

எனக்கு அண்டாவில் வைத்த காது ஞாபகம் வந்தது. வாராவாரம் வைத்த பரீட்சையும் ஞாபகம் வந்தது. அத்தனை பேர் ஆகா என்று சாப்பிட்ட பிரியாணி எல்லாம் என் மூக்கை நம்பி இறக்கியது என்று தெரிந்ததும், அன்று முழுக்க எனக்குக் கவலையாக இருந்தது. எத்தனை வாரம் பட்டை தூக்கலாக இருந்ததோ.

இப்போது பாய் அண்டா வைப்பதில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வீட்டோடு இருக்கிறார். இனி எழுதினால் எழுதிக்கொள் என்று அவராகவே சொல்லிவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். பேச்சியம்மாவுக்கு இன்னும் தெரியாது, அந்த அம்மா வாரப் பத்திரிகை படிப்பதில்லை. தினமும் டவுனுக்குள் வரும்போது முதல் கட்டை அவர் வீட்டில் இறக்குவேன். திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து வாங்குவார். கட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவுவார். மூக்குக்குக் கொண்டு போய்க் கண்ணை மூடுவார். "பேச்சியம்மா" என்பார். ஆமாம் பாய் என்பேன். 

போன வாரம் தோட்டத்தில் வாழைநார் தீர்ந்துபோய், எல்லாக் கட்டையும் சணலில் கட்டி ஏற்றிவிட்டார்கள். பாதி வழி வந்த பிறகுதான் பார்த்தேன். வண்டியை ஓரம் கட்டி, பூக்கடையில் ஒரு முழம் நார் கேட்டு வாங்கி, ஒரு கட்டை மட்டும் அவிழ்த்து மறுபடி கட்டினேன். பேச்சியம்மா போடுகிற முடிச்சு எனக்கு வரவில்லை. மூன்று தடவை அவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.